மிகப் பெரிய பகுதி

பூங்கொடி கொண்டுவந்த புகார் மையத்தின் எந்தப் பிரிவிலும் அடங்கவில்லை. கருவி பழுதாகவில்லை. கணவருக்குத் தலைவலி இல்லை, தூக்கம் கெடவில்லை, பேச்சு குழறவில்லை. வரவேற்பில் இருந்த பெண் திரையில் வந்த கேள்விகளை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, வேறு வழி தெரியாமல் மாடியிலிருந்த தொழில்நுட்பப் பிரிவுக்குப் போன் செய்தாள். சிந்துஜா இறங்கி வந்தாள்.

"எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்காருங்க அம்மிணி," என்றார் பூங்கொடி. "எங்க கொழுந்தனாரத் தெரியுது. மருமகன், பேரனுங்க, பால்காரன் வரைக்கும் தெரியுது. எப்பவோ வித்துப்போட்ட மாட்டுக்கு சுழி எங்க இருந்துச்சுன்னு சொல்றாரு. என்னைய மட்டும் தெரியலீங்க."

"மறந்துட்டாருங்களா?"

"கட்டுன நாள்லேர்ந்து 'ஏ புள்ள'ன்னுதான் கூப்புடுவாரு. இப்ப 'வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா'ங்கறாரு. எவளோ விருந்தாளி வந்த மாதர. நேத்து சோத்தப் போட்டா, 'உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமம்'ங்கறாரு." பூங்கொடி சிரிக்கப் பார்த்தார். "மனுசன் இத்தன மரியாதயா பேசி நாங் கேட்டதே இல்லீங்க."

அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கணவர் தண்டபாணி எழுந்து தன் நாற்காலியைத் தள்ளினார். "இந்தம்மா ரொம்ப நேரமா நிக்கறாங்க. உக்காரட்டும்."

பூங்கொடி சிந்துஜாவைப் பார்த்தார்.

கோயம்புத்தூரின் வடக்கு எல்லையில் இருந்த அந்த மையம் நினைவுத்துணைக் கருவிகளைப் பராமரித்தது. மூளைக்காய்ச்சலோ மறதிநோயோ நினைவை அரித்துவிட்டவர்களுக்கு, நோய் முற்றும் முன் எடுத்த பதிவிலிருந்து ஒரு மென்பொருளைக் கட்டி, காதுக்குப் பின்னால் பொருத்தும் பொத்தான் அளவுக் கருவியில் ஏற்றுவார்கள். அதில் ஒரு மனிதரின் வாழ்க்கை ஆயிரக்கணக்கான பகுதிகளாக இருக்கும். அவர் அறிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி. ஒவ்வொரு ஊருக்கும், ஒவ்வொரு கைவேலைக்கும் ஒரு பகுதி. பகுதிகளைத் தனித்தனியாகச் செய்து கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். மூளை மாறிக்கொண்டே இருப்பதால் ஒருமுறை கட்டியது ஒரு மாதத்துக்கு மேல் பொருந்தாது. மாதாமாதம் முழுவதையும் முதலிலிருந்து கட்டவேண்டும். மையத்தில் இருந்தவர்கள் இதை பில்டு என்றார்கள்.

சிந்துஜாவின் வேலை பில்டுகளை அளப்பது. ப்ராசஸர் எவ்வளவு உழைக்கிறது, மெமரி எவ்வளவு நிரம்புகிறது, எந்தக் கட்டத்தில் ஏறுகிறது, எந்தக் கட்டத்தில் சும்மா இருக்கிறது. அவள் தரும் வரைபடத்தை வைத்துத்தான் ஓர் இயந்திரத்தில் ஒரே சமயத்தில் எத்தனை பேரைக் கட்டலாம் என்று முடிவாகும். போன மாதம் அவள் தந்த அளவை நம்பி ஒவ்வொருவருக்கும் உரிய மெமரி வரம்பைக் குறைத்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் நிறையப் பேருக்கு அதனால் இடம் கிடைத்தது. அன்று மையத்தில் இனிப்பு கொடுத்தார்கள்.

அவளுடைய கணவர் நந்தகோபாலும் மையத்தின் கருவியோடுதான் வாழ்ந்துகொண்டிருந்தார். பம்ப்செட் தொழிற்சாலையில் மோட்டார்களைச் சோதித்துத் தேர்ந்தவர். காய்ச்சல் வந்த வருடம், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று யோசித்தபடி உட்கார்ந்திருப்பார். கருவி வந்த பிறகு தினமும் மாலையில் செய்தித்தாளை மடித்து அவள் தோளில் தட்டி, "சிந்து, டீ போடறியா, நான் போடட்டா?" என்று கேட்கும் மனிதராகத் திரும்பியிருந்தார். வரம்பைக் குறைப்பதற்கு முன்பே அவருடைய போன மாத பில்டு முடிந்திருந்தது. அடுத்த வாரம் மீண்டும் அவர் முறை.

பூங்கொடியை அனுப்பிவிட்டு மாடி ஏறும்போது சிந்துஜா நினைத்தது அந்த அடுத்த வாரத்தைத்தான்.

"பில்டு பாஸ் ஆயிருக்குக்கா," என்றாள் ரூபாவதி. இருவரும் ஒரே பிரிவு. ரூபாவதி சேர்ந்து இரண்டு வருடமாகிறது. "தண்டபாணிக்கு ஒரு பிழையும் இல்ல. மெமரி வரம்புக்குக் கீழயே ஓடியிருக்கு."

"திரும்ப ஓட்டு. இந்தத் தடவை இடைவெளி விடாம பாரு."

"இடைவெளி விடாமன்னா அளக்கறதுக்கே ப்ராசஸர் போயிடுமே. நீங்கதானே பத்து விநாடிக்கு ஒருக்கா பார்த்தா போதும்னு வச்சீங்க?"

"நான்தான் வச்சேன். ஓட்டு."

பகுதிகள் ஒவ்வொன்றாகத் தயாராகும்வரை கோடு மேடும் பள்ளமுமாகப் போனது. கடைசியில் பிணைப்புக் கட்டம் தொடங்கியதும் கோடு சுவர்போல நிமிர்ந்து வரம்பைத் தொட்டு, சட்டென்று பாதியாக விழுந்தது. நடந்தது இரண்டு விநாடிக்குள். அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் பில்டு ஓடி முடிந்தது.

"பால் பொங்கி வழிஞ்சு அடங்கின பிறகு வந்து எட்டிப் பார்த்திருக்கோம்," என்றாள் சிந்துஜா. "பாத்திரத்துல பாதிதான் இருக்கு, சின்னப் பாத்திரமே போதும்னு சொல்லியிருக்கோம்."

ரூபாவதி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வரம்பைத் தொட்டதும் காவல் நிரல் வந்து ஒரு பகுதியை நிறுத்தியிருக்குக்கா."

"எதை?"

"இருக்கறதுலயே பெருசை. அதானே அதுக்கு விதி. பெருசை நிறுத்தினாத்தான் இடம் கிடைக்கும்."

"ஒரு பகுதி நின்னா பில்டே நின்னிருக்கணுமே."

"நின்னா குடும்பத்துக்காரங்களை வெறுங்கையோட அனுப்பணும்னு, போன வருசம் வெற்றுப்பகுதி வைக்கச் சொன்னாங்கல்ல? இல்லாத பகுதிக்குப் பதிலா 'யாரோ ஒருத்தர்'னு ஒண்ணு. அது போய் உக்காந்துக்கும். மத்ததெல்லாம் ஓடும்." ரூபாவதி நிறுத்தினாள். "பெருசுன்னா என்னக்கா? ரொம்ப நாள் பழகினவங்களா?"

"நாள் கணக்கில்ல. இணைப்புக் கணக்கு." சிந்துஜா தண்டபாணியின் பிணைப்பு வரைபடத்தைத் திறந்தாள். நிறுத்தப்பட்ட பகுதியிலிருந்து எல்லாத் திசைக்கும் நூல்கள் போயின. "காப்பியைத் தொட்டா இவங்க. மழையைத் தொட்டா இவங்க. தேங்காய் நாரு வாசனை, பழனி பஸ்ஸு, காலுல முள்ளு குத்தினது, எதைத் தொட்டாலும் பூங்கொடியம்மா. அவர் மனசுல அவங்களோட முடிச்சுப் போடாம ஒண்ணுமே இல்ல. அதான் எடை."

"அப்ப அவரு அவங்களை மறந்தது..."

"ஆமா."

மையத்தின் இயக்குநர் டாக்டர் கிளாடிஸ் இருவரும் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினார். கீழே புதிதாகப் பதிவு செய்ய வந்தவர்கள் நின்றார்கள். ஒருவர் தன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் அதை வாங்கி அவர் காலில் மாட்டினாள்.

"வரம்பைக் கூட்டலாம் சிந்துஜா. கூட்டினா எல்லாரும் முழுசா இருப்பாங்க. ஆனா இப்ப உள்ள இருக்கறவங்கள்ல பாதிப் பேரை வெளிய அனுப்பணும். அவங்களுக்கு மறக்கறது ஒரு ஆளை மட்டும் இல்ல. சோறுன்னா என்னன்னே மறந்துடும். யாரை அனுப்பலாம்?"

சிந்துஜாவின் பார்வை கீழே நின்றவர்களிடம் போனது.

"ஒருத்தருக்கு ஒரு ஆளு. மத்ததெல்லாம் மிஞ்சுது. மோசமான கணக்குதான். இதைவிட நல்ல கணக்கு உனக்குத் தெரிஞ்சா சொல்லு, இப்பவே மாத்தறேன்."

"குடும்பத்துக்காரங்களுக்கு உண்மையைச் சொல்லிடணும் டாக்டர்."

"சொல்லிடலாம்," என்றார் கிளாடிஸ். "கேட்டா நிம்மதியா இருப்பாங்கன்னு மட்டும் நினைக்காதே."

அவர் சொன்னதுதான் நடந்தது. விஷயம் தெரிந்த வாரமே காத்திருப்புக் கூடத்தின் முகம் மாறிவிட்டது. முன்பெல்லாம் பில்டு முடிந்து வருபவர் தன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கூடமே சிரிக்கும். இப்போது அப்படிக் கூப்பிடப்பட்ட பெண்கள் தலை குனிந்துகொண்டு வெளியேறினார்கள். மறக்கப்பட்டவர்கள் அழுதார்கள்; ஆனால் அந்த அழுகையை மற்றவர்கள் பொறாமையோடு பார்த்தார்கள். மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவருக்குக் காணாமல் போனது அவருடைய புல்லட் வண்டி. "அந்த வண்டி மேலயே குடியிருந்தாரு, அதுல என்ன அதிசயம்" என்று அவர் மனைவி சத்தமாகச் சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. அண்ணன் தம்பி இருவர், அப்பா தம்பியை மட்டும் மறந்துவிட்டதில் பேச்சு முற்றி, அவரை நடுவில் விட்டுவிட்டு ஆளுக்கொரு ஆட்டோவில் போனார்கள். பூங்கொடி மட்டும் ஒருநாள் டிபன் டப்பாவோடு வந்து, கணவருக்கு எதிரே உட்கார்ந்து, "நாங்க உங்களுக்கு வேண்டப்பட்டவங்கதானுங்க, சாப்புடுங்க" என்று ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டுப் போனார். கழுத்தை நிமிர்த்தித்தான் நடந்தார்.

நந்தகோபாலின் முறை வந்தது. முதலில் சிந்துஜா பயந்தது ஒன்றே ஒன்றுக்கு: அவர் தன்னை "வாங்க" என்று கூப்பிட்டுவிடக் கூடாது. கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று இருப்பது தெரிந்தது. "வாங்க" என்று கூப்பிடவில்லையென்றால்?

கதவு திறந்தது. நந்தகோபால் காதைத் தடவிக்கொண்டு வந்தார். கூடத்தை ஒருமுறை பார்த்தார். நேராக அவளிடம் வந்தார்.

"சிந்து, சாப்டியா நீ? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

பக்கத்திலிருந்த பெண் சிந்துஜாவின் முழங்கையை மெல்லத் தொட்டுவிட்டு எடுத்தாள். துக்க வீட்டில் தொடுவதுபோல இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அவரே கார் ஓட்டினார். சிந்துஜா ஒவ்வொரு பெயராகப் போட்டுப் பார்த்தாள். அவருடைய அம்மாவைப் பற்றிப் பேசினாள். அம்மா பூரானைச் செருப்பால் அடித்த கதையைச் சொல்லிச் சிரித்தார். தொழிற்சாலை நண்பர்கள், கல்லூரியில் அவர் பின்னால் சுற்றிய ஒரு பெண், திருப்பூரில் இருக்கும் தங்கை, எல்லாரும் இருந்தார்கள். வரம்பு தாண்டவே இல்லையோ, எதுவுமே போகவில்லையோ என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. அப்போது அவர் இடதுபக்கம் திரும்பினார்.

அந்தத் தெருவில்தான் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருந்தது. இருபது வருடங்களுக்கு மேலாக அவர் அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பியதில்லை. சுற்றிக்கொண்டு ரயில்வே கேட் வழியாகத்தான் போவார். ஒருமுறை அவள் கேட்டதற்கு, அங்கே நெரிசல் என்றார். இருவருக்கும் காரணம் தெரியும். இருவரும் அதற்குமேல் பேசவில்லை. அவர்களுடைய மகள் மிருதுளா ஆறு வயதில் டெங்குக் காய்ச்சலில் அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இறந்துபோனாள். காரியம் முடிந்த மறுநாள் நந்தகோபால் வேலைக்குப் போய்விட்டார். அழுது அவள் பார்க்கவில்லை. குழந்தையின் பெயர் அதற்குப் பிறகு அவர் வாயில் வரவில்லை. இந்த மனிதருக்குக் கல் மனசு என்று அவள் ஒருநாள் தீர்மானித்தாள். தீர்மானித்த பிறகு அவரோடு வாழ்வது எளிதாக இருந்தது.

இப்போது அவர் ஆஸ்பத்திரி வாசலில் பழவண்டிக்காகக் காரை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, "கொய்யா நல்லா இருக்கே, வாங்கட்டா?" என்றார்.

"என்னங்க," என்றாள். "மிருதுளா."

"யாரு?"

"மிருதுளா. மிரு."

"உங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பொண்ணா?"

வீட்டில் அவள் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "அழகா இருக்கா. முன்பல்லு விழுந்திருக்கு. யார் பொண்ணு?"

"நம்ம பொண்ணு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் சொன்னாள். காய்ச்சல் வந்தது, ரத்த அணுக்கள் குறைந்தது, உயிர் போனது. அவர் கவனமாகக் கேட்டார். பக்கத்துத் தெருவில் நடந்த சாவைக் கேட்பவர்போல நாக்கைச் சப்புக்கொட்டினார். "அடப்பாவமே. ஆறு வயசா? ஐயோ." பிறகு, அது போதவில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "எனக்கு ஒண்ணுமே வரல சிந்து. படத்தைப் பார்த்தா பாவமா இருக்கு. அவ்வளவுதான். இதுதான் அந்தப் பெரிய பகுதியா?"

"அதுதான்."

"எவ்வளவு பெருசு?"

"உங்களுக்குள்ள இருக்கற எல்லாத்தையும் விட."

சமையலறையில் குழாய் சொட்டியது. அவர் எழுந்துபோய் அதை மூடிவிட்டு வந்தார். "நேத்து வரைக்கும் இது என்கிட்ட இருந்ததா?"

"இருந்திருக்கு. எனக்குத் தெரியாது."

"இப்ப இந்தப் பாப்பாவை நினைக்கறதுக்கு நீ ஒருத்திதானா?"

அவள் தலையசைத்தாள்.

"அது சரியில்ல," என்றார் நந்தகோபால். "வலிக்குமா, திரும்ப வந்தா?"

"ரொம்ப."

"உனக்கு வலிக்குதுல்ல? அப்புறம் எனக்கு மட்டும் என்ன? திரும்ப வச்சிடச் சொல்லு."

மறுநாள் சிந்துஜா மையத்துக்குப் போனதும் ரூபாவதியை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. ஒரு பகுதிக்குக் காப்புக்குறி போடலாம். குறி போட்டதைக் காவல் நிரல் தொடாது. ஆனால் வரம்பு வரம்புதான். அதற்குப் பதில் வேறொன்று நிறுத்தப்படும். எது என்று தெரிந்துகொள்ள ஒத்திகை ஓட்டம் ஓட்டினார்கள்.

மிருதுளாவின் பகுதி முழுதாகத் தயாராவதை சிந்துஜா முதல்முறையாகப் பார்த்தாள். வரைபடத்தில் அது ஏறிக்கொண்டே போனது. ஆறு வயதுக் குழந்தைக்கு இவ்வளவு எப்படி என்று கேட்கத் தோன்றியது. ரயில்வே கேட் அதனோடு பிணைந்திருந்தது. அவர் சோதித்த மோட்டார்கள், செய்தித்தாள், மழைக்கால மாதங்கள், கொசுவர்த்தி வாசனை, மாலை டீ. மகள் இறந்த பிறகு நடந்தவைதான் அதிகம். ஒவ்வொரு வருடமும் புதிதாக முடிச்சுப் போட்டிருந்தார்.

பிணைப்புக் கட்டத்தில் கோடு நிமிர்ந்து வரம்பைத் தொட்டு விழுந்தது.

ரூபாவதி எட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "அக்கா, இதை நீங்க பார்க்க வேண்டாம்."

"தங்கச்சியா?"

"இல்லக்கா."

"மாமியாரா?"

ரூபாவதி தலையைக் குனிந்துகொண்டாள். சிந்துஜா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். நிறுத்தப்பட்ட பகுதியின் பெயர் அவளுடைய பெயர். மகளின் அளவுக்கு அது வரவில்லை. ஆனால் மற்ற எவரும் அதன் பக்கத்தில்கூட இல்லை.

கிளாடிஸிடம் விஷயம் போனது. அவரே மேலே வந்தார். "உனக்காக ஒருதடவை விதியை மீறறேன்," என்றார். "அடுத்த மாசம் ஒருத்தரோட பில்டை நிறுத்தி அந்த இடத்தை நந்தகோபாலுக்குக் கொடுத்தா, ரெண்டுமே உள்ள வந்துடும். யாரோடதை நிறுத்தறதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

சிந்துஜா பெயர்களைப் பார்த்தாள். தண்டபாணி இருந்தார். செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் இப்போது உள்ளே வந்திருந்தார். அவர் பெயர் ஞானப்பிரகாசம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வேண்டாம் டாக்டர்," என்றாள்.

"அவர்கிட்டச் சொல்லிட்டியா? நீ போயிடுவேன்னு?"

"சொன்னா வேண்டாம்பாரு."

"அவரோட தலைக்குள்ள நடக்கறதை அவருக்குத் தெரியாம முடிவு பண்றே. அது உனக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"கோபத்துல செய்யறியா, ரெண்டாவதா வந்துட்டோம்னு?"

சிந்துஜா நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். "கொஞ்சம் இருக்கலாம் டாக்டர். ஆனா நேத்து அவர் மிருவோட படத்தைப் பார்த்து, யார் பொண்ணுன்னு கேட்டாரு. என்னைப் பார்த்து யாருன்னு கேட்டா தாங்கிக்குவேன். அதைத் தாங்க முடியல."

அடுத்த பில்டு முடிந்த அன்று சிந்துஜா கூடத்தில் காத்திருக்கவில்லை. நந்தகோபாலின் தங்கை திருப்பூரிலிருந்து வந்து அவரை அழைத்துப்போவதாக ஏற்பாடு. பஸ் தாமதம். அதுவரை அவரை கேண்டீனில் உட்காரவைத்திருப்பதாக ரூபாவதி சொன்னாள். தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் சிந்துஜா போனாள்.

அவர் சுவரோர மேசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லை. முகத்தைத் துடைக்கவும் இல்லை. அவர் அழுது அவள் பார்ப்பது அதுதான் முதல்முறை. கால்கள் தாமாக அங்கே போயின.

"தண்ணி வேணுங்களா?"

அவர் நிமிர்ந்து, அவசரமாகக் கைக்குட்டையைத் தேடினார். "வாங்க. மன்னிச்சுக்குங்க. உக்காருங்க. நீங்க இங்க டாக்டருங்களா?"

"இல்லீங்க. இங்க வேலை பார்க்கறேன்."

"ஒரு மாசமா எங்கயோ போயிருந்துட்டு வந்த மாதிரி இருக்குங்க. எம்பொண்ணு ஞாபகம். இருந்தா இப்ப கல்யாண வயசு தாண்டியிருக்கும்." கைக்குட்டை கிடைத்தது, அதை மடியில் வைத்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொன்னதில்லீங்க. ஏன்னு தெரியல, இன்னிக்கு வருது. உங்களுக்கு வேலை இருக்குமே."

"வேலை இல்லீங்க. சொல்லுங்க."

"லிஃப்ட்டுன்னா அவளுக்குப் பயமுங்க. ஆஸ்பத்திரியில ரத்தப் பரிசோதனைக்குக் கூப்புடறப்பெல்லாம் நான்தான் படியில தூக்கிட்டு இறங்குவேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு பொய் சொல்லணும். நாளைக்கு வீட்டுக்குப் போறோம், நாய்க்குட்டி வாங்கறோம், பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டாங்க. அவ எண்ணிட்டே வருவா. கடைசிப் படியில, 'அப்பா, இதுல எது நெசம்'பா."

சிந்துஜாவுக்கு இது தெரியாது. அந்த நாட்களில் அவள் கட்டில் பக்கத்திலேயே இருந்தாள், படிகளைப் பார்த்ததில்லை.

"கடைசி நாளு அவ பன்னு வேணும்னா. வாங்கப் போனேன். திரும்பி வர்றேன், வாசல்லேர்ந்தே தெரிஞ்சுபோச்சு. ஆனா மூச்சு இருந்துதுங்க. இருந்தப்பவே வந்துட்டேன். உள்ள போக முடியல. கதவைப் பிடிச்சுட்டு நின்னேன். பன்னு கையில சூடா இருந்துச்சு. போயி ஒருதரம் தொட்டிருக்கலாம். போகல."

அன்று அவர் எல்லாம் முடிந்த பிறகு வந்தார் என்றுதான் சிந்துஜா இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். எங்கே போனீங்க என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"தனியாவா இருந்தா குழந்தை?" என்றாள்.

"இல்லீங்க. யாரோ ஒருத்தர் மடியில வச்சிருந்தாங்க. முகம் வரமாட்டேங்குது. நர்சம்மாவா இருக்கணும். தலையைக் கோதிட்டு ஏதோ பாடிட்டு இருந்தாங்க. எம்பொண்ணு அவங்க சேலையைப் பிடிச்சுட்டு இருந்தா. நான் இல்லாத குறையை அவங்கதான் தீர்த்தாங்க. அவங்களுக்கு ஒரு வார்த்தை நன்றின்னு சொல்லல நானு. அப்புறம் தேடியும் பார்க்கல." அவர் கைக்குட்டையை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார். "அவங்க என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்களோ."

சிந்துஜா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு முடியலைன்னு அவங்களுக்குத் தெரியலீங்க. தெரிஞ்சிருந்தா ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டாங்க."

"அப்படீங்கறீங்களா?"

"ஆமாங்க."

அவர் அதை வாங்கிக்கொண்டவர்போல மெல்லத் தலையசைத்தார். "உங்களுக்குக் குழந்தைங்க உண்டுங்களா?"

"ஒரு பொண்ணு."

"என்ன பண்றா?"

கேண்டீன் வாசலில் ரூபாவதி நின்றாள். கையில் அடுத்த மாத பில்டு திறந்திருந்த டேப்லெட். காப்புக்குறியை உங்கள் பகுதிக்கு மாற்றிவிடலாம், அடுத்த மாதம் அவர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். மாற்றட்டுமா என்று இப்போது புருவத்தை உயர்த்திக் கேட்டாள்.

நந்தகோபால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "எம்பொண்ணு நல்லா வரைவாளுங்க," என்றார். "மோட்டார் படம் வரைஞ்சு, அதுக்குக் கண்ணு மூக்கெல்லாம் வச்சு, என்னோட சாப்பாட்டுக் கூடையில போட்டு விடுவா. மத்தியானம் திறந்தா அது என்னைப் பார்த்துச் சிரிக்கும். அதை ஒருநாள் எங்க ஃபோர்மேன் பார்த்துட்டு..."

சிந்துஜா வாசலைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். இரு, அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.